கென்யாவுக்குப் பிள்ளையை விடலாமோ?



சென்ற மாதம் ஒரு தாயார் தொலைபேசியில் கூப்பிட்டார். கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. மூத்த மகளுக்குப் பதினாறு வயது. அவளுடைய வகுப்புத் தோழியின் தேவாலய மாணவர் குழு, ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு கிழமை கென்யாவுக்குப் போய், ஒரு கிராமப் பாடசாலையில் சேவை செய்யப் போகிறதாம். சுவருக்கு வர்ணம் பூசுவது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது, மாலையில் செபக் கூட்டம். மகளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் படிவத்தோடு வந்து நிற்கிறாள்.

"அக்கா, நாங்கள் சைவக்காரர். இது பிள்ளையை வேதத்துக்கு இழுக்கிற வேலையோ? இவர் ஒரேயடியாய் விடமாட்டன் எண்டுறார். அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள்" என்றார் தாயார்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "2009இல நாங்கள் செட்டிகுளம் முகாமில இருக்கேக்க இவள் கைக்குழந்தை. அப்ப வந்து படம் பிடிச்சுக்கொண்டு போனவையை நான் மறக்கேல்லை. என்ரை பிள்ளையும் அப்பிடி ஒரு இடத்தில போய் நிக்கவேணுமோ?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இப்படி வந்தவர்களை வரவேற்றதும், அவர்களோடு வாதாடியதும், அவர்களிடம் படித்ததும் நாங்கள்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1806ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வயல்வெளியில் செபக் கூட்டம் நடத்தினார்கள். இடியும் மழையும் வர, ஒரு வைக்கோற் போரின் அடியில் ஒதுங்கினார்கள். ஆசிய நாடுகளுக்குப் போய்ச் சமயப் பணி செய்வது பற்றி அங்கே பேசினார்கள். அந்தப் பேச்சுத்தான் 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாவதற்கு வித்தாக அமைந்தது. அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், 1815இல் கப்பலேறி 1816இல் இலங்கை வந்து சேர்ந்தார். 1822இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தும் போனார்.

அவரும் அவருடைய தோழர்களும் இரண்டு கிழமைக்கு வந்தவர்களல்லர். வந்தவுடன் தமிழ் படித்தார்கள். தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. உடுவிற் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். அவருடைய கணவர் மிரோன் வின்ஸ்லோ, பலர் கைபட்ட வேலையை முடித்து, 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார்.

கசப்பான பக்கமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளின் செலவுக்குப் பணம் அனுப்பியவர்களின் பெயர்களை அந்தப் பிள்ளைகளுக்கே சூட்டினார்கள். கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயரில் வரும் 'கரோல்' அந்த வழக்கத்தின் மிச்சம். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அது நன்றாக நடந்துகொண்டிருந்த கல்லூரி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானவர்கள் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் அங்கே படித்தவர்கள். ஆனால் அதை நடத்துவதா மூடுவதா என்ற முடிவு கடலுக்கு அப்பால் இருந்த சங்கத்தின் கையில் இருந்தது. ஊரவர்கள் விடாமல் முயன்றதன் பலனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சமயம் பற்றிய பயத்துக்கும் நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை செய்தார். அதே நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை அமைத்தார். பக்கத்தில் இருந்து பார்த்ததால் அவர் தம் சமயத்தை இழக்கவில்லை. பாடசாலை நடத்தும் முறையைக் கற்றுக்கொண்டார். வேறு பலர் மனம் விரும்பி வேதக்காரரானார்கள், அவர்களும் நம்மவர்களே. ஆகவே, பிள்ளை தன் சமயத்தை அறிந்திருக்கிறாளா என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. செபக் கூட்டத்துக்கு அவள் போகத்தான் வேண்டுமா, மற்றவர்கள் செபிக்கும்போது சும்மா இருக்கலாமா என்று குழுத் தலைவரை நேரே கேளுங்கள். நல்ல மனிதர் கோபிக்க மாட்டார்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான்: "தங்கச்சி, ஓம் எண்டும் சொல்லாதேங்கோ, இல்லை எண்டும் சொல்லாதேங்கோ. மகளிடம் நாலு கேள்வி குடுத்து விடுங்கோ."

ஒன்று, இந்த உதவியைக் கேட்டது யார்? அந்தப் பாடசாலையா, இங்குள்ள குழுவா? இரண்டு, நீங்கள் போகும் நாட்களில் பாடசாலை நடக்குமா? மூன்று, நீங்கள் செய்யும் வேலையால் அவ்வூர்க் கூலித் தொழிலாளி யாருக்காவது வேலை போகுமா? நான்கு, பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு யாருடைய அனுமதி?

பத்து நாள் கழித்துத் தாயார் மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது கேள்வியிலேயே குழுத் தலைவர் திகைத்துவிட்டாராம். கென்யாவில் பாடசாலை வருடம் ஜனவரியில் தொடங்கி மூன்று தவணையாக நடக்கும். ஓகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். வெறும் வகுப்பறைக்கு வர்ணம் பூசிவிட்டு வந்திருப்பார்கள்! அவர் உடனே அந்தப் பாடசாலை அதிபருக்கு எழுதினார். அதிபரின் பதில் மரியாதையாகவும் தெளிவாகவும் இருந்ததாம்: வர்ணம் பூச ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கிடைத்தால் நல்லது. வருகிறவர்கள் ஜூலையில் வந்து, சிறு வகுப்புப் பிள்ளைகளோடு ஒருவருக்கொருவராக இருந்து வாசித்தால் பெரிய உதவி. படம் எடுக்கவேண்டாம். குழு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இனி எங்கள் குடும்பங்கள் கவனிக்கவேண்டியவை.

அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் வெளிநாடு போகும் எண்ணத்தையே விடுங்கள். கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படக்கூடும். எதற்கும் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டு, குடியுரிமை பெறாதவர்கள் அகதிகளுக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் 28ஆம் பிரிவு தரும் உரிமை இது. எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்டோமோ, அந்த நாட்டுக்கு இதில் போக முடியாது. போகும் நாடு இந்த ஆவணத்தை ஏற்குமா, எத்தகைய நுழைவு அனுமதி வேண்டும் என்பதை, விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் அதன் காலாவதித் திகதியையும் பாருங்கள். திரும்பி விமானம் ஏறுவதற்கு அது வேண்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை தனியே போவதானால், தாய் தகப்பன் இருவரும் ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் கொடுத்து விடுங்கள். கென்யாவில் மலேரியா உண்டு. மஞ்சட் காய்ச்சல் ஊசி பற்றியும் மலேரியா மாத்திரை பற்றியும் பயண மருத்துவ நிலையத்தில் பல கிழமைகளுக்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.

தாயார் கடைசியாகச் சொன்னது: "ஞாயிற்றுக்கிழமை இவர் வந்து அந்தத் தலைவரைச் சந்திக்கிறதெண்டு சொல்லிப்போட்டார். இன்னும் ஓம் எண்டேல்லை அக்கா. ஆனால் படிவத்தைக் கிழிக்கவுமில்லை. மகள் நேற்று என்னட்ட முகாம் கதை கேட்டவள். இவ்வளவு நாளும் கேட்டதேயில்லை."

அவள் கென்யா போகிறாளோ இல்லையோ, தாயிடம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டாள். போனால், படம் பிடிக்காமல் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருந்து வாசிக்க அவளுக்குத் தெரியும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.