முட்டையான பல்சக்கரம்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இடம் போதவில்லை என்று, வேர்டில் படத்தின் பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தேன். பல்சக்கரம் முட்டையாகிவிட்டது! "படம்தானே, விடுடா" என்றான் நண்பன்.

எப்படி விடுவது? சிங்காரப்பேட்டையிலிருந்து நாம் வேலை தேடிப் போகும் ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே ஷாப் ஃப்ளோரில். அங்கே கையேட்டில் எல்லாருக்கும் புரிகிற மொழி படம்தான்.

மூலைப் புள்ளியை இழுத்தால் வடிவம் கெடாது, சரி. ஆனால் ஸ்கேல்? 100 மி.மீ. பாகம் 1:2-ல் 50. படம் 40 ஆகச் சுருங்கினால், அளந்து பார்ப்பவனுக்கு 80தான் கிடைக்கும். ஆட்டோகேட் சொல்லித் தருகிறார்கள். படம் ஒட்டுவதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா? நான் இப்போதெல்லாம் படத்தைச் சுருக்கினால் அளவுகளை எண்ணில் போட்டுவிட்டு, 1:2-ஐ அடித்துவிடுகிறேன்.