திறவாத பெட்டிகளும் வாசிக்கப்படாத பிரதிகளும்

பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்பவரைச் சேகரிப்பாளர் என்று அழைப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு பெயர்கள் உண்டு. முதலீட்டாளர் எனலாம், கோபம் சற்றுக் கூடினால் வைக்கோற்போரில் படுத்த நாய் என்றும் சொல்லலாம். சேகரிப்பு என்ற சொல்லுக்கென்று ஒரு கண்ணியம் இருக்கிறது. அதை இவர்களுக்கு விட்டுக்கொடுக்க நமக்கு மனமில்லை.

எதைப் பற்றிய பேச்சு இது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபாமிகாம் என்னும் வீட்டு வீடியோ கேம் இயந்திரத்தை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. 1987இல் பிசி எஞ்சின், 1988இல் சேகாவின் மெகா டிரைவ், 1990இல் சூப்பர் ஃபாமிகாம் என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றில் செருகி ஆடிய பழைய கார்ட்ரிட்ஜ்களை இன்று உலகெங்கும் பலர் தேடிச் சேர்க்கிறார்கள். டோக்கியோவின் அகிஹாபராவும் நகானோவும், ஒசாகாவின் டென்டென் டவுனும் அவர்களுக்குத் திருத்தலங்கள். இந்தத் தேடலை நாம் பழிக்கவில்லை, பெரிதும் மதிக்கிறோம். மதிப்பதனால்தான் இந்தக் கோபம்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் பிரிக்கப்படாத ஒரு ‘சூப்பர் மாரியோ 64’ பெட்டியை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. 1996இல் வெளியாகி உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு அது. கிடைத்தற்கரிய பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு எதற்காக அத்தனை பணம்? மேலே சுற்றிய மெல்லிய நெகிழித்தாள் கிழியாமல் இருந்ததற்காக. தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று அதற்கு மதிப்பெண் போட்டுக் கெட்டியான நெகிழி உறைக்குள் அடைத்துக் கொடுத்ததற்காக. வாங்கியவர் அதை ஆட முடியாது. ஆடப் புகுந்தால் போட்ட பணம் போயிற்று. அமெரிக்கப் பதிப்புகளில் தொடங்கிய இந்த நோய் ஜப்பானியப் பதிப்புகளைத் தேடுவோரையும் பற்றிக்கொண்டுவிட்டது. விளையாட்டின் பெயருக்கு முன்னால் மதிப்பெண்ணைச் சொல்லும் சேகரிப்பாளர்கள் பெருகிவிட்டார்கள்.

இதனால் என்ன குடி முழுகிப்போயிற்று, அவரவர் பணம் அவரவர் பொருள் என்பார்கள். குடி முழுகத்தான் போகிறது. எப்படி என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடியவரை சேமித்துவைக்க அந்தக் கார்ட்ரிட்ஜில் வழியில்லை. பதிலாக, ஆட்டத்தில் வரும் அரசன் ஓர் ‘உயிர்ப்பு மந்திரம்’ சொல்வான். ஹிராகனா எழுத்துகள் இருபது. மறுநாள் அதே எழுத்துகளை உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த இருபது எழுத்துகளும் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று அடி பிரிந்து திரையில் நிற்கும். முதல் மூன்று அடிகள் ஹைக்கூவின் கணக்கு என்பதை இலக்கிய வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பொருளற்ற எழுத்துக் கோவைக்கும் ஒரு மரபான ஓசையைத் தந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள்வரை நீண்டது. நோட்டுப் புத்தகத்தில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால் பல நாள் உழைப்பு வீண். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கவலையை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இவ்வாறு அறிந்தார்கள். இவை எல்லாம் ஆடினால் கிடைப்பவை. பெட்டியின் அட்டைப்படத்தில் கிடைக்காதவை.

1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் மந்திரம் போய்ப் பேட்டரி வந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் சாலிடர் வைத்துப் பொருத்திய சிறு வட்டப் பேட்டரிதான் ஆடியவரின் நினைவைக் காத்தது. அந்தப் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. அது தீர்ந்தபின் ஆட்டம் ஓடும், நினைவு தங்காது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் மறுபடி உயிர் பெறும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும், கார்ட்ரிட்ஜின் ஓட்டைப் பிரிக்க வேண்டும். நெகிழி உறைக்குள் மதிப்பெண்ணோடு நிற்கும் பெட்டியிலும் அதே பேட்டரி இருட்டில் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முத்திரை இடுவது பாதுகாப்பது ஆகாது. சாவை மற்றவர் பார்க்காதபடி மறைப்பது மட்டுமே அது.

பேட்டரியாவது மாற்றக்கூடியது. 1986 பிப்ரவரியில் ஃபாமிகாமுக்கு ஒரு டிஸ்க் இயந்திரம் வந்தது. கடைகளில் எழுதும் இயந்திரங்கள் வைத்திருந்தார்கள். 500 யென் கொடுத்தால் நம் டிஸ்கில் இருந்த பழைய ஆட்டத்தை அழித்துப் புதிய ஆட்டத்தை எழுதித் தருவார்கள். சிறுவர்களுக்கு மலிவு, பழைய ஆட்டத்துக்கு மரணம். அந்தச் சேவை 2003இல் நின்றது. டிஸ்க் காந்தப் பூச்சை நம்பியது. அதைச் சுழற்றும் ரப்பர் பட்டை நாளடைவில் அறும் அல்லது இளகி ஒட்டிக்கொள்ளும். இவற்றைப் பிரிக்காமல் பொத்திவைத்துப் பயன் என்ன? எண்பது வயதுப் பாட்டியின் குரலைப் பதிவு செய்யாமல், அவர் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுவது போன்ற காரியம்.

இதைவிடக் கொடிய கதை சாட்டலாவியூ. 1995 ஏப்ரல் முதல் 2000 ஜூன் வரை சூப்பர் ஃபாமிகாமுக்கு விண்கலம் வழியே ஆட்டங்களை ஒலிபரப்பினார்கள். சிலவற்றுக்கு நடிகர்களின் குரல் நேரலையாக வந்தது. ஆட்டம் இயந்திரத்தில் ஓட, குரல் வானிலிருந்து இறங்கியது. குரல் எங்கும் சேமிக்கப்படவில்லை. யாராவது வீட்டு வீடியோ டேப்பில் பிடித்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆட்டத் தரவு மட்டும் சிறிய நினைவுப் பொதிகளில் தங்கியது. புதிய ஆட்டம் இறங்கினால் பழையது போய்விடும். அந்தப் பொதிகளைப் பழைய பொருள் சந்தையில் வாங்கி, உள்ளே எது எஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்து, வெளியே எடுத்துக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்களே. நாம் வணங்கும் சேகரிப்பாளர்கள் அவர்கள். ஒரு பொதியைப் படிக்காமல் அலமாரியில் வைத்திருப்பவர் எதை வைத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

‘நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும், உங்களுக்கேன் கவலை’ என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நிறுவனங்கள் பார்த்துக்கொண்ட அழகைப் பார்ப்போம். பழைய ஆட்டங்களை இணையம் வழி விற்ற வீ கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ இயந்திரங்களின் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று முறையான விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்ந்து சொன்னது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஜப்பானிலோ, தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்கு இவ்வகை மின்னணு வெளியீடுகளை அளிக்கும் கடமையே 2000 அக்டோபரில்தான் வந்தது. ஃபாமிகாமின் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழகம் 1998 முதலும், டோக்கியோவில் கேம் பாதுகாப்புச் சங்கம் 2011 முதலும் செய்துவரும் பணி பெரிது. எனினும் அவர்கள் கையும் தனியாரின் அலமாரிகளை நோக்கியே நீள வேண்டியிருக்கிறது.

பழைய ஆட்டங்கள் சந்தையில் கிடைப்பதே ஒரு வழக்கின் பயன் என்பதையும் மறக்கலாகாது. கேம் நிறுவனங்கள் மறுவிற்பனைக் கடைகளைத் தடுக்க நீதிமன்றம் சென்றன. வீடியோ கேம் திரைப்படப் படைப்புக்கு ஒப்பானது, ஆகவே அதன் விநியோகம் எப்போதும் எங்கள் உரிமை என்று வாதிட்டன. 2002 ஏப்ரல் 25 அன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் கேம் திரைப்படப் படைப்பே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருமுறை விற்ற பிரதியின்மேல் அந்த விநியோக உரிமை தீர்ந்துபோகிறது என்று முடித்தது. அகிஹாபராவின் அலமாரிகள் அன்று பிழைத்தன. கைமாறும் உரிமையை நீதிமன்றத்தில் வென்ற பொருளை, இனி எவர் கையும் உள்ளே படாதபடி நாமே உறையிட்டுப் பூட்டுவது எவ்வளவு பெரிய முரண்!

அடுத்த மறுப்பு சற்று வலுவானது. ‘தரவை நகலெடுத்துவிட்டால் போதுமே, எமுலேட்டரில் ஆடலாமே, பிறகு கார்ட்ரிட்ஜ் எதற்கு?’ என்பார்கள். இங்குதான் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சொல் கைகொடுக்கிறது: பாடபேதம். 1998இல் வந்த ‘ஒகாரினா ஆஃப் டைம்’ ஆட்டத்தின் முதல் பதிப்புகளில் நெருப்புக் கோயிலில் ஒலித்த வழிபாட்டுக் குரல் பிந்தைய பதிப்பில் நீக்கப்பட்டது. பெயர் ஒன்று, உள்ளே பாடம் வேறு. எது மூலம், எது திருத்தம் என்று அறியப் பல பிரதிகளைத் திறந்து ஒப்பிட வேண்டும். நகல் சரியானதா என்று சோதிக்கவும் மூலம் வேண்டும். விளக்கக் கையேடும், கூடவே வந்த வரைபடமும், கையில் பிடித்த கட்டுப்பாட்டுக் கருவியும் எமுலேட்டரில் வந்துவிடா. ஆகவே கார்ட்ரிட்ஜ் வேண்டும். திறந்த கார்ட்ரிட்ஜ் வேண்டும்.

நகலெடுப்பது திருட்டு அல்லவா என்போருக்கு ஒரு விடை. போலிக் கார்ட்ரிட்ஜ் அச்சடித்து அசல் என்று விற்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவன் சேகரிப்புக்கே பகைவன். ஆனால் அழியும் ஒன்றைப் படித்துக் காப்பவனும் அவனும் ஒன்றல்லர். ஷிகேசாதோ இதோய் என்ற விளம்பர எழுத்தாளர் உருவாக்கிய ‘மதர் 3’ 2006இல் ஜப்பானில் வெளிவந்தது. இன்றுவரை ஜப்பானுக்கு வெளியே முறையாக வெளியாகவில்லை. 2008இல் ஆர்வலர்கள் சிலர் ஊதியமின்றி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1995இல் வந்த ‘செய்கென் டென்செட்சு 3’ ஆட்டத்தை ஆர்வலர்கள் 2000இல் ஆங்கிலத்தில் தந்தார்கள். நிறுவனம் தன் மொழிபெயர்ப்பைத் தர 2019 ஆயிற்று. ஜப்பானிய மொழி அறியாத நம்போன்றோர் இப்படைப்புகளை அணுக முடிந்தது, யாரோ ஒருவர் பிரதியைத் திறந்து உள்ளிருந்த சொற்களை வெளியே கொணர்ந்ததால். முத்திரை குலையாத பெட்டியிலிருந்து எவரும் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

ஓரிரு பிரிக்கப்படாத பெட்டிகள் இருக்கட்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். எப்படிச் சுற்றிக் கட்டினார்கள், உள்ளே எதை எந்த வரிசையில் வைத்தார்கள் என்பதும் வரலாறுதான். அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. தனி மனிதர்கள் தங்கள் வீடுகளை ஆளுக்கொரு கல்லறையாக ஆக்கிக்கொள்ள அது காரணமாகாது. பொருள் அவருடையது, சட்டம் அவர் பக்கம், மறுக்கவில்லை. சேகரிப்பாளர் என்ற பெயரைச் சட்டம் தருவதில்லை. அதை வேலை செய்து பெற வேண்டும்.

அந்த வேலை பெரிதொன்றும் இல்லை. வாங்கிய கார்ட்ரிட்ஜை ஓட்டிப் பாருங்கள். தீர்ந்த பேட்டரியை மாற்றுங்கள். தெரியாதென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். கையேட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். அரிய டிஸ்கோ நினைவுப் பொதியோ கையில் இருந்தால் அதைப் படிக்கத் தெரிந்த பாதுகாப்பு அமைப்புக்கு இரவலாகவாவது தாருங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளை கேட்டால் ஆடக் கொடுங்கள். கீறல் விழும், விலை குறையும், விழட்டும், குறையட்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் பங்குச்சந்தைக்குப் போகலாம். அங்கே எதையும் திறக்க வேண்டியதில்லை.