உடைஞ்சது ஓரம், அரைக்கிறது முழுப் பல்லையா?

அக்கா பையனுக்கு 9 வயசு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில ஓடியிருக்கான். வழுக்கி விழுந்ததுல மேல் முன்பல்லில் கால்வாசி காலி. பாட்டி அந்தத் துண்டை, பால் பல் விழுந்தா செய்யற மாதிரியே, ஓட்டு மேல வீசிட்டாங்க!

மறுநாள் தில்லைநகர்ல ஒரு கிளினிக். சில்லுனு எதையோ பல்லுல வெச்சுக் கேட்டிருக்காங்க. பையன் "தெரியலை"ன்னான். அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு: "நரம்பு செத்துப் போச்சும்மா. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம். 15,000 ஆகும்." அக்கா போன்ல அழுதா. எனக்கு அழுகை வரலை, கோபம்தான் வந்தது.

ஏன்னு சொல்றேன். அடிபட்ட பல் முதல் நாள் மரத்துப் போய் பதில் சொல்லாம இருக்கறது சகஜம். அதை மட்டும் வெச்சு 'செத்துப் போச்சு'ன்னு சொல்லக் கூடாது. 6 - 8 வாரத்துல ஒரு தடவை, 1 வருஷத்துல ஒரு தடவை பார்க்கணும்னு பல் காயங்களுக்கான 2020ஆம் வருஷத்து சர்வதேச வழிகாட்டியே சொல்லுது. மேல் முன்பல் 7 - 8 வயசுல முளைக்கும். வேர் முழுசா வளர்ந்து மூட இன்னும் மூணு வருஷம் பிடிக்கும். அதுக்குள்ள நரம்பை எடுத்துட்டா வேர் மெல்லிசாவே நின்னுடும். நாளைக்கு இன்னொரு அடி பட்டா வேரோட போயிடும்.

சரி, உடைஞ்ச ஓரத்துக்கு என்னதான் வைத்தியம்? பாண்டிங். பல் காயறதுக்கு முன்னாடி நிறம் பார்த்துக்குவாங்க. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிஷம் தடவிக் கழுவுவாங்க. எனாமல் சொரசொரப்பாகும். மேல பசை, அதுக்கு மேல காம்போசிட் ரெசின், 2 மில்லிமீட்டர் அடுக்கா வெச்சு நீல விளக்கால இறுக்குவாங்க. கடைசியா பாலிஷ். முடிஞ்சுது கதை. புதுக் கண்டுபிடிப்புன்னு நினைக்காதீங்க. அமிலம் தடவினா பிசின் ஒட்டும்னு மைக்கேல் புவனோகோர் எழுதினது 1955ல!

துண்டு கையில இருந்தா இன்னும் விசேஷம், அதையே ஒட்டிடலாம். பால்லயோ தண்ணியிலயோ போட்டு எடுத்துட்டுப் போகணும். ஓட்டு மேல இல்லை பாட்டி :-)

"காம்போசிட் நிறம் மாறும், ஓரம் பெயரும்"னு சொல்லுவாங்க. உண்மைதான். பெயர்ந்தா மறுபடி வெச்சுக்கலாம். ஆனா கேப்புக்குன்னு சுத்தி அரைச்சா, வெளியே தெரியற பல்லுல பாதிக்கு மேல போயிடும். எனாமல் திரும்ப வளராது. காவிரியில எத்தனை முங்கு முங்கினாலும் வராதுங்க. போட்ட கேப்பும் ஆயுசுக்கும் இருக்கப் போறதில்லை.

கேப்பே தப்புன்னு சொல்லலை. பெரியவங்களுக்கு, பெரும்பகுதி உடைஞ்சு போன பல்லுக்கு, வேற வழி இல்லாம போகலாம். உடைஞ்ச இடத்துல ரத்தப் புள்ளி தெரிஞ்சா நரம்பு வெளியே வந்திருக்குன்னு அர்த்தம். அப்பவும் சின்னப் பசங்களுக்கு மேலாக 2 மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, மருந்து வெச்சு, மிச்சத்தை உயிரோட காப்பாத்தப் பார்க்கணும். நான் கேக்கறது ஒண்ணுதான்: இருக்கறதுலயே சின்ன வைத்தியத்தை ஏன் முதல்ல சொல்லலை? கேக்கத் தெரியாத அம்மான்னா முழு பில்லா?

ஸ்ரீரங்கத்துலயே வேற டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல பாண்டிங் பண்ணிட்டார். ஏழாவது வாரம் மறுபடியும் சில்லுனு வெச்சுப் பார்த்தாங்க. பையன் "ஆ!"ன்னு கத்தினானாம். அதைக் கேட்டு அக்கா மறுபடியும் அழுதாளாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க வீட்டுல யாருக்காவது பல் உடைஞ்சா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. "அரைக்காம முடியுமா?"ன்னு முதல்ல கேளுங்க.