நிமோனியாவும் ஸ்டீராய்டும்: தேர்ந்து வழங்குவதே தீர்வு



மருத்துவமனைக்கு வெளியே, அன்றாட வாழ்விடத்தில் தொற்றி, செயற்கைச் சுவாசமோ உயர் அளவு ஆக்சிஜனோ தேவைப்படும் அளவுக்கு முற்றிவிடும் நுரையீரல் அழற்சியே தீவிர சமூகத் தொற்று நிமோனியா எனப்படுகிறது. கிருமியின் தாக்குதலோடு, அதை எதிர்த்து எழும் உடலின் அழற்சியும் எல்லை மீறி நுரையீரலைச் சிதைப்பதால், ஆன்டிபயாட்டிக்குடன் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் தரலாமா என்பது நெடுநாள் விவாதமாகும்.

பிரான்சின் 31 மையங்களில் நடந்து 2023இல் வெளியான கேப் காட் ஆய்வில், நாளொன்றுக்கு 200 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களில் 6.2 சதவீதத்தினரும், மருந்தில்லாத ஒப்பீட்டு ஊசி பெற்றவர்களில் 11.9 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஆயினும், 2022இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில், மற்றொரு ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசலோன் 60 நாள் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வில் தீவிர நிலை தென்பட்ட 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட்டதும், இன்ஃப்ளுயன்சா நோயாளிகள் சேர்க்கப்படாததும் இந்த முடிவுகளை ஒப்பிடும்போது கருதத்தக்கவை.

ஆகவே, ஸ்டீராய்டை நிமோனியா அனைத்துக்குமான பொது மருந்தாகக் கொள்ளாமல், நோயாளியைத் தேர்ந்து, காலம் தாழ்த்தாமல் தொடங்கி, அதனால் உயரக்கூடிய இரத்தச் சர்க்கரையைக் கண்காணித்து வழங்குவதே பொருத்தமாகும்.

– வாசகர் ஒருவர்