மாற்றி வைப்பதும் பிரதி வைப்பதும்



போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினித் திரைக்கு வந்தது 2007-இல். அதற்குப் பிறகு மலைத்தோட்டக்காரர் வீடுகளிலும் வியாபாரிகளின் கடைகளிலும் கணினி மெல்ல இடம் பிடித்தது. இப்போது அந்தக் கணினிகளில்தான் இடம் இல்லை. 'சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, என்ன செய்ய?' என்று கேட்டு உங்களில் பலர் எழுதுகிறீர்கள்.

பழி கணக்கு ஃபைல்களின் மேல் விழுகிறது. பாவம், கணக்கு என்ன செய்யும்? பல வருட ஏலப் பட்டியலும் ஜிஎஸ்டி ரசீதும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். பேத்தியின் காதுகுத்தை 4கே-யில் ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்கள், பத்து இருபது ஜிபி போய்விடும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்த காயை மூட்டை பிடித்துக் குடோனுக்கு அனுப்பினால்தானே அடுத்த பறிப்பின் பச்சைக்காய்க்கு இடம் கிடைக்கும்? இரண்டாவது ஹார்டு டிஸ்க்கின் வேலையும் அதுதான். படம், வீடியோ, டவுன்லோட்ஸில் மறந்துபோய்க் கிடப்பவை எல்லாம் அங்கே போகலாம். விண்டோஸ் ஃபோல்டரையும் புரோகிராம் ஃபைல்ஸையும் மட்டும் தொடாதீர்கள். டிஸ்க் கணினிக்குள்ளேயே பொருத்தியதென்றால் இன்னும் வசதி: வீடியோஸ் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் பகுதிக்குப் போய் 'மூவ்' கொடுத்துவிட்டால், இனி சேர்வதும் தானாக அங்கேயே போய்ச் சேரும். கழற்றி எடுத்துப் போகும் டிஸ்க்குக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். அது இல்லாத நேரத்தில் கணினி ஃபோல்டரைத் தேடித் திண்டாடும்.

2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி பரணில் கிடந்தால், அதன் இரண்டரை அங்குல டிஸ்க்கைக் கழற்றி ஒரு சாட்டா கேஸில் போடுங்கள். யூஎஸ்பி டிரைவ் தயார். வயதான டிஸ்க் என்பதால், கல்யாண வீடியோவை அதை மட்டும் நம்பி வைக்க நான் துணிய மாட்டேன். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1 டிபி என்று வாங்கியது திரையில் 931 ஜிபி என்று தெரியும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, எடையில் குறைவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, 'பேக்கப் எடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. பழைய இடத்தில் அழித்தாகிவிட்டது என்றால், முன்பும் ஒரு பிரதி, இப்போதும் ஒரு பிரதிதான். இடம் கிடைத்தது, பாதுகாப்பு கூடவில்லை. திரும்ப எடுக்கவே முடியாத படங்களுக்கு இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வேண்டும். காப்பி செய்து, நாலைந்தைத் திறந்து பார்த்து, அதன் பிறகு அழியுங்கள்.

நம் மலைப்பக்கத்துக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. ஐப்பசியில் இடி இறங்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்குவதோடு டிஸ்க்கின் வயரையும் கழற்றிவிடுங்கள். ஜீப்பில் போடிமெட்டு ஏறும்போது டிஸ்க்கை மடியில் வைத்து இயக்கவே கூடாது. சுழலும் தட்டுக்கு மிக நெருக்கத்தில் மிதக்கிறது அதைப் படிக்கும் முனை. ஒரு குலுக்கல் போதும். அணைத்து, துணி சுற்றிப் பையில் வைத்தால் கொண்டைஊசி வளைவுகள் எதுவும் செய்யாது.

இடம் ஒழிக்க உட்காரும்போது ஓர் உதவி. 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010 இறுதியோடு ரயில் நின்றது. அகலப்பாதையில் 2023 ஜூனில்தான் மறுபடி ரயில் போடிக்கு வந்தது. அந்தப் பழைய ரயிலின் படங்கள் உங்கள் கணினியில் இருந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வருடத்தையும் நிலையத்தின் பெயரையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பென் டிரைவில் அனுப்புகிறவர்களுக்கு அதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்