மலைவழிப் போர்வை

சென்னையினின்று மேற்கே செல்லும் பெருவழியில் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் எனச் சத்திரத்தால் பெயர்பெற்ற ஊர்கள் வருதலைப் பலரும் கண்டிருப்பர். வழிநடைப்போர்க்கு நீரும் நிழலும் படுக்க இடமும் ஈந்த அறச்சாலைகள் இன்று பெயரளவில் நிற்கின்றன. அந்நாளில் வழிப்போக்கன் படுக்கை சுமக்க வேண்டுவதில்லை. ஒரு துப்பட்டியும் கட்டுச்சோற்று மூட்டையும் அவனுக்குப் போதும்.

இன்றோ அவ்வூரைச் சூழக் கைபேசியும் மோட்டார் வண்டியும் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. அங்கு உழைக்கும் இளைஞரும் நம் கல்லூரி மாணவரும் விடுமுறை வந்ததும் முதுகில் மூட்டையேற்றி, ஏலகிரி, சவ்வாது மலை, வெள்ளியங்கிரி, கொழுக்குமலை, இமயச் சாரல் எனப் புறப்படுகின்றனர். மலைமேல் சத்திரம் இல்லை. படுக்கையைத் தாமே சுமத்தல் வேண்டும். எதைச் சுமப்பது என்பது அற்பமான கேள்வி அன்று. உறைபனி இல்லாத இடத்திலும், வெப்பம் 10 பாகை செல்சியசு இருக்கும்போதே, வியர்வையோ மழையோ நனைத்த உடம்பின்மேல் காற்று வீசுமாயின், உடற்சூடு உயிர்க்கு இடராகும் அளவுக்கு இறங்கிவிடும். நடுங்குபவன் முதலில் அறிவு மயங்குகிறான். தான் குளிர்ந்துபோவதையே உணரான்.

இத்தகையோர்க்கு ஏற்றது பாலியெஸ்டர் இழைப்பஞ்சு வைத்த இலேசான போர்வை என்பது என் துணிபு. இப்படிச் சொன்னவுடன், கம்பளி இருக்க இது எதற்கு என்பர் பெரியோர். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியார் 1955-ஆம் ஆண்டில், தம் 67-ஆம் வயதில், 2,000 மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சிய நெடுவழியைத் தோளில் ஒரு துணிப்பையோடு நடந்து முடித்தார். அவர் கொண்டுசென்றதும் கம்பளியே. ஆயினும் அம்மையாரின் வெற்றி கம்பளியால் வந்ததன்று, வேண்டாதனவற்றை விட்டமையால் வந்தது. கம்பளி நனைந்தால் ஓரளவு சூடு காக்கும். ஆனால் நீரைக் குடித்துக் கனக்கும், எளிதில் உலராது. இரண்டு கிலோ கம்பளியைச் சுமந்து ஏறுபவன் வியர்த்து நனைந்தே உச்சியை அடைகிறான்.

கடைகளில் விலை மிகுந்து கிடைப்பது வாத்தின் மென்தூவி அடைத்த உறங்குபை. ஒரே எடைக்கு அதனினும் சூடு தருவது வேறில்லை என்பது உண்மை. எனினும் சூடு தருவது தூவியன்று. தூவிகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே. ஈரம் பட்டதும் தூவி சுருண்டு கட்டிபட்டுவிடும். காற்று நிற்க இடமின்றிப் போகும். மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் நம் மேற்குமலைகளில், வெயில் காணாத மூன்றாம் நாள் அப்பை வெறும் ஈரத்துணியாகவே இருக்கும். பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதில்லை. பிழிந்து உதறினால் பெரும்பாலும் மீண்டும் உப்பும். வின்பீல்டு, டிக்சன் என்னும் பிரித்தானிய வேதியியலார் இருவர் 1941-ஆம் ஆண்டில் கண்ட பொருள் மலைப்படுக்கைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே. (நம் இலவம் பஞ்சும் நீரை விலக்குவதே. ஆனால் அதன் குற்றிழைகள் ஒடிந்து திரண்டுவிடும். வீட்டுத் தலையணைக்கு நன்று, மலைக்கு அதனை நம்புவது கிளி இலவு காத்த கதையாகும்.)

உறங்குபையை விட்டுப் போர்வையை ஏன் கொள்ள வேண்டும்? நம் உடம்பின்கீழ் நசுங்கும் பஞ்சில் காற்று நில்லாது. காற்றில்லாப் பஞ்சு வீண் சுமை. தரையின் குளிரைத் தடுப்பது கீழே விரிக்கும் நுரைப்பாயே. ஆதலின் அடிப்பாகத்தை அறவே நீக்கி, மேற்பாகம் மட்டும் போர்வையாகக் கொள்ளலாம் என்பதை 1990-களில் ரே சார்டின் என்னும் அமெரிக்கர் தம் நூல்களால் பரப்பினார். பாயை விட்டுவிட்டுப் போர்வையைக் குறை கூறுவோர் பலர். அவர் குறை கூறவேண்டியது வேறொன்றை.

கணக்கும் கடினமன்று. 2 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் கொண்ட போர்வையின் பரப்பு 2.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 133 கிராம் எடையுள்ள பஞ்சுத்தாள் வைத்தால் 346 கிராம். மேலும் கீழும் 35 கிராம் நைலான் துணி வைத்தால் 182 கிராம். நாடா, நூல் சேர்த்தும் 600 கிராமைத் தாண்டாது. குல்லாயும் காலுறையும் உலர்ந்த மேற்சட்டையும் அணிந்துகொள்வோர்க்கு நம் மலைகளின் பெரும்பான்மையான இரவுகளுக்கு இது போதும். மார்கழியில் உதகையின் உறைபனியில் படுப்பவர் இன்னும் தடித்த தாளை நாடுக. இமயத்து உயர்ந்த பனிவெளிக்கு இதனை நான் பரிந்துரையேன். அங்கே தூவிப்பையே தக்கது. கைபேசியின் எடையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் ஊரார், தம் முதுகுச்சுமையை மட்டும் கண்ணளவால் மதிப்பது எனக்கு விளங்கவில்லை.

பையில் அச்சிட்ட பாகையைக் கண்டு மயங்க வேண்டா. ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் அளவுமுறை உறங்குபைகளுக்கு ஏற்பட்டது. அதிலும் கொள்ளத்தக்கது சுகநிலை எண்ணே. கடைநிலை எண் உயிர் எஞ்சக்கூடும் என்பதையே குறிக்கும்; உறக்கம் வரும் என்பதையன்று. அப்பெரிய எண்ணை முகப்பில் பொறித்து விற்கும் வாணிகம் மாணவரை ஏய்ப்பதாகவே நான் கருதுகிறேன். போர்வைகளின் எண்ணோ பெரும்பாலும் செய்தவர் சொல்லே. எனவே பஞ்சுத்தாளின் சதுர மீட்டர் எடை யாது என்று கேளுங்கள். விடை சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

இன்னும் சிக்கனமாவது, நம்மூர்த் தையற்காரரிடம் தைப்பித்துக்கொள்வது. தொடரிழைத் தாளாயின் ஓரங்களைத் தைத்தாலே போதும். நடுவே குறுக்குத்தையல் போட்டால் அவ்வழியே குளிர் புகும். கால்மாட்டில் இரண்டடி பைபோல் மூடியிருத்தல் நன்று. பாயோடு பிணைக்க நாடா வேண்டும். இல்லையேல் புரளுங்கால் காற்று நுழையும்.

ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் 260 பாகையளவில் உருகித் தோலில் ஒட்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் பலர் காட்டுத்தீயில் மாண்டனர். இசைவின்றிக் காட்டில் தங்குவதும், தங்குமிடத்தில் நெருப்பு மூட்டுவதும் ஆகா.

இவ்விழையின் குறை, அழுத்த அழுத்த உப்புதல் குன்றுவது. ஆகையால் பயணம் முடிந்ததும் போர்வையைச் சிறுபையில் திணித்து வையாமல், விடுதியறையில் ஓர் ஆணியில் தளர்வாகத் தொங்கவிடுக.