பூர்வீகம் கேட்கிறார்கள்

"உன் பூர்வீகம் எது?" இந்தக் கேள்வியை இந்நாட்டில் எல்லாரிடமும் கேட்பதில்லை. மலபார் ஹில் மாளிகையில் வாழ்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆலை முதலாளியின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. குடிசையில் இருப்பவனிடம் கேட்கிறார்கள். தோல் பதனிட்டவன் மகனிடம், இட்லி விற்பவள் மகளிடம் கேட்கிறார்கள். ரேஷன் அட்டைக்குக் கேட்கிறார்கள். சாதிச் சான்றுக்குக் கேட்கிறார்கள். வீட்டை இடிக்க வரும்போது கேட்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் மேடை போட்டே கேட்கிறார்கள்.

2027 மார்ச் 1-ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு நாடு தழுவிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடைபெறும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் இதில் எண்ணப்படும் என்றும் சொல்லியிருக்கிறது. எங்கே பிறந்தாய், எங்கிருந்து வந்தாய், என்ன மொழி பேசுகிறாய் என்ற கேள்விகள் வழக்கம்போல் நம் வாசலுக்கு வரும். ஆகவே பூர்வீகம் என்ற இந்தச் சொல்லை நாம் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

வந்தவர்கள் கட்டிய நகரம்

மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகள். அங்கே மீன் பிடித்து வாழ்ந்த கோளி மக்களே இம்மண்ணின் பழங்குடிகள். 1661-இல் போர்ச்சுகல் மன்னர் தம் குலப்பெண்ணுக்குச் சீதனமாக இத்தீவுகளை ஆங்கிலேய மன்னருக்குக் கொடுத்தார். 1668-இல் அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கோளிகளை அன்று யாரும் கேட்கவில்லை. பின்னர் பார்சிகள் வந்தார்கள், குஜராத்தி வணிகர்கள் வந்தார்கள். 1850-களில் பருத்தி ஆலைகள் எழுந்ததும் ரத்னகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் மராத்திய உழவர்கள் வந்தார்கள். தெலுங்கு நாட்டுக் கட்டடத் தொழிலாளரும் நெசவாளரும் வந்தார்கள். வடநாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்நகரில் வாழ்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகருக்கு வெளியே பிறந்தவர்கள். வந்தவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மும்பை அல்ல. சில மீனவர் குப்பங்கள்தாம்.

நம்மவர்களும் அந்த வரிசையில் வந்தவர்களே. திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்தபோதும், பண்ணையாரின் அடிமைத்தனம் பொறுக்காதபோதும் புறப்பட்டவர்கள் தாராவிச் சதுப்பில் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தார்கள். நாறும் வேலை என்று பிறர் ஒதுக்கியதை நம் பாட்டன்மார் செய்தார்கள். சேற்றில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி அதன்மேல் குடிசை போட்டார்கள். பக்கத்திலேயே சௌராஷ்டிரக் குயவர்கள் சூளை வைத்தார்கள். இன்று அந்த நிலத்தின் விலையைக் கோடிகளில் பேசுகிறார்கள். சதுப்பை நிலமாக்கிய கூலியை யாராவது கணக்கில் எழுதியிருக்கிறார்களா?

கோலார் தங்கவயலின் கதையும் இதுவே. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டியது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளின் ஏழைத் தமிழர்கள் பூமிக்கடியில் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது முதலில் அந்தச் சுரங்கத்துக்குத்தான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, அதைத் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்த்தும் "எந்த ஊர்?" என்று கேட்பவர்கள் உண்டு.

வழி ஒன்றல்ல, இரண்டு

தமிழன் மட்டும்தான் வெளியே போனான் என்று எண்ணிவிட வேண்டாம். 1676 அளவில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். 1855 வரை மராத்திய அரசகுலம் அங்கே இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளும் மோடி எழுத்து மராத்தி ஆவணங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. தஞ்சையில் மராத்தி பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மதுரையில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நூற்றாண்டுகளாகத் தறி நெய்கிறார்கள். விஜயநகர ஆட்சிக் காலத்தில் வந்த தெலுங்கு மக்கள் தமிழ்நாட்டு ஊர்களெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "திரும்பிப் போ" என்று சொல்வது எவ்வளவு மடமையோ, அவ்வளவு மடமை தாராவித் தமிழனிடம் அதைச் சொல்வதும்.

இரத்தத்தைச் சோதித்தாலும் இதே விடைதான். 2009-இலும் 2013-இலும் வெளிவந்த மரபணு ஆய்வுகள், இந்திய மக்கட் பிரிவுகளில் ஏறத்தாழ எல்லாமே பழங்காலத்தில் ஒன்றோடொன்று கலந்தவை என்று காட்டின. கலப்பு நின்று, சாதிச் சுவர் எழுந்தது அதற்குப் பின்புதான். தூய பூர்வீகம் என்று மார்தட்டுகிறவன் தன் பாட்டிமார்களில் பாதிப்பேரை மறைத்துத்தான் தட்ட வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி, பிறந்து வளர்ந்த இடம் விட்டு இடம் பெயர்ந்தவர்கள் இந்நாட்டில் 45 கோடிக்கு மேல். திருமணமாகிப் புகுந்த வீடு போன பெண்களே அதில் பெரும் பங்கினர். நம் தாய்மார்கள் அத்தனை பேரும் குடிபெயர்ந்தவர்களே! இதை நினைவில் வைத்துக்கொண்டால், குடியேறி என்ற சொல் வசையாக இருக்க முடியாது.

மொழிவழி மாநிலங்கள் அமைந்ததை நாம் வரவேற்கிறோம். 1956-இல் தமிழகம் பெற்ற உரிமையை 1960 மே 1-இல் மராத்தியர் பெற்றபோது அது நியாயமே. ஆனால் மாநிலத்துக்கு ஒரு மொழி இருக்கலாம். மாநிலத்துக்கு ஓர் இரத்தம் இருக்க முடியாது. 1966-இல் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று இங்கே முழங்கியது. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூர்த் தமிழர்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இரண்டு இடங்களிலும் அடி விழுந்தது கூலிக்காரன் மேல். வேலையைக் குறைத்தவர்களும் கூலியைப் பிடித்துவைத்தவர்களும் பத்திரமாக இருந்தார்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கிறது. அது யாரும் நமக்கு இட்ட பிச்சையன்று.

இரண்டு தேதிகள்

சட்டம் உரிமை தருகிறது. தேதி அதைப் பறிக்கிறது. நம் வாழ்வைக் கட்டிப்போட்டிருக்கும் தேதிகள் இரண்டு.

முதலாவது, 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள். அந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் பிறந்தவன் மகாராட்டிரத்துக்கு வந்தால், இங்குள்ள பட்டியலில் அவன் சாதி இல்லையென்றால் அவனுக்கு இங்கே சலுகை இல்லை. சாதியின் பெயர் இருந்தாலும், குடும்பம் அந்த நாளுக்கு முன்பே இங்கே குடியிருந்தது என்று காட்ட வேண்டும். 1990, 1994 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்தது. ஒரு மாநிலத்தில் ஒரு சாதி படும் துன்பம் மற்றொன்றில் இராது. வெளியிலிருந்து வருவோர் உள்ளூர்த் தாழ்த்தப்பட்டோரின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது. இவை நீதிமன்றம் சொன்ன காரணங்கள்.

இரண்டாவது காரணத்தை நாம் மதிக்கிறோம். மகர், மாங்கு சகோதரர்களின் பங்கில் ஒரு பருக்கையும் நமக்கு வேண்டாம். ஆனால் முதல் காரணத்தைப் பற்றிக் கேட்கிறோம்: ரயிலேறிய உடனே சாதி இறங்கிவிட்டதா? தாராவிக்கு வந்தபின் சேரிக்காரன் சேரியில்தானே இடம் பெற்றான்? தோல் தொழிலுக்குத்தானே போனான்? துன்பம் அவனோடு மாநில எல்லையைத் தாண்டி வந்தது. உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிட்டது.

ஒன்றை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இக்கட்டுப்பாடு மாநில அரசின் சலுகைகளுக்கே. மத்திய அரசுப் பணிகளில், பூர்வீக மாநிலத்துப் பட்டியலின்படி பட்டியல் சாதியினருக்குரிய இடஒதுக்கீட்டைக் கோரலாம். தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சாதிச் சான்று இருந்தால் அதை ஆதாரமாகக் காட்டி மகனும் மகளும் சான்று பெற வழியுண்டு. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது தேதி, 2000 ஜனவரி 1. அன்றைக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாகக் காட்ட முடிந்தவருக்குத் தாராவிச் சீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே இலவச வீடு என்கிறார்கள். பிறகு வந்தவருக்கும், மேல்தளத்தில் இருப்பவருக்கும் வேறிடம். அதற்கும் பணம் அல்லது வாடகை. மின் ரசீது யார் பெயரில் இருக்கிறது? வாக்காளர் பட்டியலில் பெயர் எந்த ஆண்டு ஏறியது? மூன்று தலைமுறை உழைப்பு இந்தத் துண்டுத் தாள்களில் தொங்குகிறது.

தாளில் தொங்கும் வாழ்வு என்னவாகும் என்பதற்கு அசாம் சாட்சி. 1971 மார்ச் 24 என்ற தேதிக்கு முன்பு தம் முன்னோர் இந்நாட்டில் இருந்ததற்கு ஆவணம் காட்டச் சொன்னார்கள். 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் இல்லை. எழுத்தில் ஒரு பிழை, பாட்டன் பெயரில் ஓர் எழுத்து மாற்றம், இவை போதும். ஆவணம் என்பது படித்தவன் வீட்டுப் பொருள். வெள்ளத்திலும் இடிப்பிலும் வாழ்ந்தவன் வீட்டில் அது தங்குவதில்லை.

நம் வீட்டுக் கண்ணாடி

இவ்வளவும் பேசிய பிறகு ஊரைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது நேர்மையாகாது. இன்று திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். "வடக்கன்" என்று ஏளனமாகச் சொல்வது நம் ஊர்களில் பழக்கமாகி வருகிறது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, பயந்து ரயிலேறியவர்கள் உண்டு. செய்தி பொய், பயம் மெய். அந்தப் பயத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? இங்கே நாம் கேட்கும் நியாயத்தை அங்கே நம் தம்பிமார் மறுத்தால், நம் வாதம் காற்றில் போய்விடும். ஊருக்குப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பாளர் வரும்போது யூகித்து எழுத விடாதீர்கள். தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. தமிழ் என்று சொல்லுங்கள்; இங்கே பிறந்த பிள்ளைக்கும் வீட்டில் பேசியது தமிழென்றால் தமிழ் என்றே எழுதச் சொல்லுங்கள். தெரிந்த பிற மொழிகளில் மராத்தியையும் இந்தியையும் தயங்காமல் சேருங்கள். 2011-இல் மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம். கர்நாடகத்தில் சுமார் 21 லட்சம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர் கேட்கும்போது இந்த எண்கள்தாம் நமக்காகப் பேசும். சாதியின் பெயரை ஊரில் வழங்குகிறபடியே தெளிவாகச் சொல்லுங்கள். பிறந்த இடத்தை மறைக்காதீர்கள்; மறைக்க அதில் குற்றம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வீடு ஒரு கோப்பு வையுங்கள். பாட்டனாரின் வேலைச் சீட்டு, பழைய வாடகை ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலின் நகல் எதுவானாலும் அதில் இருக்கட்டும். முதியோர் உயிரோடு இருக்கும்போதே, யார் எந்த ஆண்டு எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. தலைமுறைகளாக வேறு மாநிலங்களில் வாழும் பட்டியல் சாதியினரைத் தனியே எண்ணி, அந்தந்த மாநிலத்துத் தாழ்த்தப்பட்டோரின் பங்கு குறையாதபடி அவர்களுக்கும் இடம் தர நாடாளுமன்றம் வழி காண வேண்டும். தாராவியில் தேதியைப் பார்க்காமல், குடியிருப்பையும் தொழிலையும் பார்த்து அங்கேயே வீடு தர வேண்டும். ஆவணம் இல்லாத ஏழையின் சொல்லையும் அண்டை வீட்டார் சாட்சியத்தையும் ஏற்க வேண்டும்.

தோழர்களே! நம் பூர்வீகத்தை நாம் மறக்கவில்லை. கொடைக்கு ஊருக்குப் போகிறோம், குலசாமிக்குப் பொங்கலிடுகிறோம். அது நம் நினைவு, நம் பெருமை. அதையே நம்மை வெளியேற்றும் ஆயுதமாக எவரும் ஏந்த இடங்கொடோம். எந்த ஊர் என்று இனிக் கேட்டால், பாட்டன் ஊரையும் சொல்வோம், நாம் உழைத்துக் கட்டிய ஊரையும் சொல்வோம். இரண்டும் நம் ஊரே.